பிள்ளைமரங்களின் வயது

வாருங்கள், சாட்சி சொல்ல வாருங்கள்! கண் உள்ளவர்கள் கண்ணோடு வாருங்கள். மனச்சாட்சி மிச்சமிருப்பவர்கள் அதையும் உடன் அழைத்து வாருங்கள். இங்கே ஒரு கொலை நடக்கப்போகிறது. நாள் குறித்தாகிவிட்டது. கத்தி இல்லை, ஓலம் இல்லை, தலைமறைவான கொலையாளி இல்லை. தீர்ப்பெழுதியவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து இன்றும் காப்பி அருந்திக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், வீட்டாரிடம் அன்பானவர், பொய் பேசாதவர். அவர் கொல்வது பொய்யால் அல்ல, உண்மையால். பொய் கொன்றால் வழக்கு மன்றம் உண்டு. உண்மையைக் கொண்டு கொன்றால் எந்த மன்றத்தில் முறையிடுவது? அதனால்தான் உங்களை அழைக்கிறோம்.

சமவெளி வெந்துகொண்டிருக்கும் காலம் இது. சித்திரையில் தார்ச்சாலை உருகி, ஐப்பசியிலும் ஆறு நனையாமல் போன பிறகு, பணம் படைத்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மலை தெரிந்தது. மலையின் குளிர் தெரிந்தது. அந்தக் குளிரில் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் மட்டும் தெரியவில்லை.

எந்த உயிர்க்கூட்டத்துக்கு எதிர்காலம் உண்டு, எதற்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல வருங்கால ஆணையம் பிறந்தது. அதன் கையில் வயதுமானி என்றொரு பறக்கும் பொறி. ஒரு காட்டின்மேல் ஒருமுறை சுற்றினால் போதும்: குருத்து எத்தனை, இளசு எத்தனை, முதிர்ந்தது எத்தனை, கிழடு எத்தனை என்று அடுக்கிக் கொடுத்துவிடும். முதலில் மரங்களை அளந்தார்கள். பிறகு யானைகளை, வரையாடுகளை. பிறகு, யாரும் கேட்காமலே, யாருக்கும் சொல்லாமலே, மனிதர்களை.

வாடைமலை உச்சியில் ஜூனிப்பர் மரங்கள் உண்டு. வடக்கே பனிமலைகளில் காடு காடாக நிற்கும் இனம். தெற்கே வரவர மெலிந்து, இந்த முகட்டில் ஒரு கைப்பிடி மரங்களோடு முடிந்துபோகிறது. அதற்கப்பால் தெற்கே ஒரு கன்றுகூடக் கிடையாது. அந்த இனத்துக்கு அதுவே எல்லை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, மனித இனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அதன் பெயர் மேல்லயம். மூடிப்போன தேயிலைத் தோட்டத்தின் கடைசிக் குடியிருப்பு வரிசை. துரை போனார், கங்காணி போனார், கம்பெனி போனது. கொழுந்து கிள்ளிய கைகள் மட்டும் போக்கிடமின்றி அங்கேயே நின்றுவிட்டன. ஜூனிப்பரை அவர்கள் புகைமரம் என்றார்கள். உதிர்ந்த சுள்ளிகளைப் பிறந்த குழந்தையின் தொட்டிலுக்கடியில் புகைப்பது அவர்கள் வழக்கம். ஓராண்டுக்கு மேலாய் அங்கே புகை எழவில்லை.

அந்த முகட்டுக்கு ஒரு முற்பகலில் இளவெயினி ஏறி வந்தாள். ஆணையத்தின் தாவர ஆய்வாளர். அவள் கையில் நல்ல செய்தி இருந்தது: வாடைமலை ஜூனிப்பர் ‘வளர்வது’ என்று வயதுமானி தீர்ப்பளித்திருந்தது. வானளாவிய கிழமரங்கள் சில. அவற்றின் காலடியில் முழங்கால் உயரக் கன்றுகள் ஏராளம். ஆனால் ஓர் ஐயம் அவளை உறங்கவிடவில்லை. முழங்கால் உயரம் இருக்கிறது, பனை உயரம் இருக்கிறது, இடுப்புயரம் எங்கே? ஆளுயரம் எங்கே? நடுப்படிகள் இல்லாத ஏணியில் எந்த உயிர் ஏறும்?

முகட்டில் ஒரு பெண், கன்று ஒன்றின் அருகே அமர்ந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

“யாருங்கம்மா அது? பாத்து காலை வைங்க. புள்ளமரத்த மிதிச்சிராதீங்க.”

“பிள்ளைமரமா?”

“பெருசெல்லாம் புகைமரம். சின்னதெல்லாம் புள்ளமரம். பிள்ளையப் பறிகொடுத்தவ ஒண்ண எடுத்துப் பாத்துக்குவா. இது என்னோடது.” பாடியவள் எழுந்தாள். எழுந்தும் இளவெயினியின் நெஞ்சளவே இருந்தாள். முகத்தில் முப்பத்தைந்து வயது. உடம்பில் பத்து வயதுச் சிறுமியின் உயரம். “ஆபீஸரம்மாதானே?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“முதுகுல இத்தாம் பெரிய மூட்டையோட இந்த ஏத்தத்துல வர்றது ஆபீஸரும் கழுதையுந்தான்.”

இளவெயினி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் இருவரும் நண்பர்களானார்கள். அவள் பெயர் அன்னக்கொடி. கேட்காமலே சொன்னாள்: இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை மேல்லயத்தில் நர்ஸ் அறை ஒன்று இருந்தது. திடீரென்று பூட்டிவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒவ்வொருவராய் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப்போனார்கள். அன்னக்கொடி போகவில்லை. பிறந்து நான்கு மாதமான மகனுக்கு மூச்சிரைத்தது. அவனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். பாதி வழியில் பாரம் மட்டும் மிஞ்சியது.

“இப்ப என்னமோ குளிர்நகரம்னு கட்டப் போறாங்களாம். எங்களையும் இறங்கச் சொல்றாங்க. இறங்கி எங்க போறது? அந்தப் பாதையில ஒரு தடவை இறங்குனது போதும்மா. நர்ஸம்மா ரூமத் திறந்துவிடச் சொல்லுங்க. போனவங்க தன்னால திரும்பி வருவாங்க. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.”

“அக்கா, அறைய ஏன் மூடினாங்கன்னு சொன்னாங்களா?”

“எங்ககிட்ட யாரு சொல்லுவா? பூட்டுக்குத்தான் தெரியும்.”

இளவெயினி மூட்டையை இறக்கினாள். காய்ந்து செத்துக் கிடந்த ஒரு பிள்ளைமரத்தைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் தடிமனே இருந்த அதன் அடித்தண்டைக் கைரம்பத்தால் அறுத்து, மெருகேற்றி, லென்ஸை வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“என்னம்மா, பூச்சியா?”

“அக்கா, மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். இதுல வளையம் மயிரிழைய விட மெலிசா நெருக்கி நெருக்கி இருக்கு. இது கன்னு இல்ல. இருநூறு வயசுக் கிழம்.”

“முழங்கால் உசரத்துல?”

“கீழ பாறை, மேல காத்து. மண்ணுல சத்தில்ல. வளர வழியில்லாம குறுகி நின்னிருக்கு. இங்க சின்னதா நிக்கிற எல்லாமே அப்படித்தான் இருக்கணும். இந்த மலையில புதுசா ஒரு கன்னு முளைச்சு இருநூறு வருஷமாச்சு.”

அன்னக்கொடி தன் பிள்ளைமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

“அட பாவி மரமே! அப்ப இம்புட்டு நாளும் எங்க பூட்டனுக்கா நான் ஆராரோ பாடிக்கிட்டிருந்தேன்?”

கேட்டீர்களா? பொறி மட்டும் ஏமாறவில்லை. கூடவே வாழ்ந்தவர்களும் ஏமாந்தார்கள். வறுமை முதுமையைக் குறுக்கிக் குழந்தையாய்க் காட்டும் மாயம், அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த மாயம் என்பதால், அவர்கள் கண்ணுக்கே படவில்லை.

அன்று பிற்பகல் மேல்லயத்தின் முற்றத்தில், பாலில்லாத் தேநீரை இளவெயினி ஊதி ஊதிக் குடித்தாள். சுற்றிலும் ஊரே கூடியிருந்தது. அத்தனை பேரும் குட்டை. அத்தனை பேரும் முதிர்ந்தவர்கள். வயதுமானியின் அளவுகளைக் காட்டும் கையகலத் திரையை அவள் திறந்து, மரங்களின் பக்கத்தைத் தள்ளி, மனிதர்களின் பக்கத்துக்குப் போனாள். தேநீர் ஆறியது.

“அக்கா, இந்த ஊர்ல இப்ப எத்தனை பிள்ளைங்க?”

“பிள்ளையா? ஒண்ணும் கிடையாது. கடைசியாப் பொறந்தது எம்மவன்.”

“முக்கால்வாசிப் பேர் பத்து வயசுக்கும் குறைஞ்ச பிள்ளைங்கன்னு இதுல இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால எடுத்த அளவு.”

கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்த சடையாண்டிக் கிழவர் தன் நரைத்த மீசையை முறுக்கினார். “அப்படிப் போடு! எந்த வகுப்புல சேத்திருக்காங்க என்னைய? இன்னும் பால்பல்லு விழலையே எனக்கு.”

ஊர் சிரித்தது. இளவெயினி சிரிக்கவில்லை.

“உயரத்தையும் பருமனையும் வெச்சுத்தான் அது வயசக் கணிக்குது பெரியவரே. நீங்க உயரம் குறைவுதான். ஆனா இது சொல்ற உயரம் அதைவிடக் குறைவா இருக்கே. அளந்த அன்னிக்கு என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?”

“என்ன செய்வோம்? மேல சத்தம் கேட்டுச்சு. ஆபீஸ் வண்டின்னு தெரிஞ்சுது. குனிஞ்சோம்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? குனியறதுக்கு ஒரு எதுக்கு வேற இருக்கா? தொரை குதிரையில வந்தா குனி. ஜீப்புல வந்தா குனி. இப்ப ஆகாசத்துல வர்றாரு. நாங்க என்ன அண்ணாந்து வேடிக்கை பாத்துக்கிட்டா நிப்போம்? மருவாதி தெரியாதவங்களா நாங்க?”

மருவாதி! தமிழகமே, இந்தச் சொல்லைக் கேள்! துரை மாண்டு மண்ணாகிப் போனார். அவர் ஏறிவந்த குதிரையின் எலும்பும் மக்கிப்போனது. ஆனால் அவர் ஏற்றிவைத்த கூனல் மட்டும் தந்தையின் முதுகிலிருந்து மகனின் முதுகுக்கு, சொத்தில்லாதவர்களின் ஒரே சொத்தாய், இறங்கி வந்துகொண்டே இருந்தது. ஆளே இல்லாத பொறிக்கும் குனிந்தார்கள். குனிந்தவர்களை அது குழந்தைகள் என்று குறித்துக்கொண்டது.

“அந்த அளவாலதான் நர்ஸ் அறைய மூடியிருக்காங்க,” என்றாள் இளவெயினி மெதுவாக. “ஆணையத்துல மூணு தீர்ப்புதான். ‘வளர்வது’ன்னா தானா வளரும், உதவி வேண்டாம். ‘முடிந்தது’ன்னா உதவி செஞ்சும் பயனில்ல. நடுவுல ‘தேய்வது’ன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் மருந்து, காவல், பாதுகாப்பு எல்லாம். உங்களையும் மரத்தையும் ‘வளர்வது’ன்னு போட்டுட்டாங்க. கன்னு நெறைய இருக்கே, பெருச வெட்டலாம். பிள்ளைங்க நெறைய இருக்காங்களே, எங்க வேணும்னாலும் வளந்துக்குவாங்க, இறக்கி விடலாம். தப்பான அளவு, அவ்வளவுதான். திருத்திட்டா ‘தேய்வது’ன்னு வந்துரும். அறை திறக்கும். குளிர்நகரம் நிக்கும்.”

அன்னக்கொடி அசையாமல் கேட்டாள். பிறகு எழுந்துபோய், பூட்டிக் கிடந்த நர்ஸ் அறையின் பூட்டை ஒருமுறை ஆட்டிவிட்டு வந்தாள்.

“அன்னிக்கு நானும் குனிஞ்சேன். எம்மவனும் என் வயித்துல குனிஞ்சான்.” இளவெயினியின் பக்கம் திரும்பினாள். “மறுபடி எப்ப வருது அந்தப் பொறி? நாங்க என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம் அக்கா. நிமிர்ந்து நில்லுங்க. அது போதும்.”

நிமிர்ந்து நில்லுங்கள்! சொல்வதற்கு இரண்டு சொல். செய்வதற்கு ஆறு தலைமுறை.

மறு அளவைக்காக வயதுமானி திரும்பி வந்த காலைப்பொழுதைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். முகட்டுக்குமேல் அந்த இரைச்சல் கேட்டது. முற்றத்தில் வரிசையாய் நின்றவர்களின் கழுத்துகள் தாமாகவே தாழ்ந்தன. 

“யாரும் குனியாதீங்க!” அன்னக்கொடி கத்தினாள். 

“முட்டி தானா மடங்குது புள்ள!” சடையாண்டி அலறினார்.

“மடங்குனா பக்கத்தாளப் புடி! பெரியப்பா, தலையத் தூக்கு! மீசை மட்டும் நிமிந்தாப் போதுமா?”

ஒருவர் அக்குளில் ஒருவர் கைகொடுத்தார்கள். கூடை சுமந்து வளைந்த முதுகுகளைச் சுவரோடு சாய்த்து நேராக்கினார்கள். நிற்க முடியாத ஒரு மூதாட்டியை இருவர் நிமிர்த்திப் பிடித்தனர். அவர்கள் முகத்தில் முதன்முதலாக வானம் பட்டது. பொறி சுற்றியது. ஒருவரும் குனியவில்லை. அது போன பிறகும் நெடுநேரம் அப்படியே நின்றார்கள். நிமிர்வது எப்படி இருக்கிறது என்று பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆணையர் தணிகைநாதன் முன்னிலையில் விசாரணை நடந்தது. தலைநகரத்தில், கொதிக்கும் தெருவுக்கு நடுவே, கம்பளி போர்த்தும்படிக் குளிர்ந்த அறை.

“வாடைமலையத்தான் இங்க பெயர்த்துக் கொண்டாந்து வெச்சிட்டீங்களே சார்,” என்றாள் அன்னக்கொடி. “அப்புறம் எதுக்கு எங்களோடது?”

ஆணையர் புன்னகைத்தார். அவமதிக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார். “பாருங்கம்மா, முதல் அளவுல குழந்தைங்கன்னு இருக்கு. ரெண்டாவது அளவுல பெரியவங்கன்னு இருக்கு. ரெண்டுல ஒண்ணு தப்பு. மரத்துக்கு வளையம் இருக்கு, இளவெயினி அனுப்பின வெட்டுத்துண்டு இருக்கு, ஒத்துக்கறேன். மனுஷங்களுக்கு என்ன ஆதாரம்?”

“என்னையும் வேணா ரம்பத்தால அறுத்துப் பாத்துக்குங்க.”

அறுக்கவில்லை. அதற்கு நாகரிகமான வழி இருக்கிறது. அவள் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் ஒளிப்பலகையில் படத்தை மாட்டினார். முழங்காலுக்குக் கீழே, வெள்ளை எலும்பின் குறுக்கே, ஒன்றன்கீழ் ஒன்றாய் மெல்லிய கோடுகள்.

“வளர்ச்சி முடிஞ்சு பல வருஷமான எலும்பு. நிச்சயமா பெரியவங்கதான்,” என்றார் மருத்துவர்.

“குறுக்க ஓடுற கோடு என்ன டாக்டர்? மரத்து வளையம் மாதிரி இருக்கே?” என்றாள் இளவெயினி.

“வளர்ற வயசுல சாப்பாடு இல்லாம, இல்ல கடுமையான நோயில, எலும்பு வளர்றத நிறுத்தும். அப்புறம் கொஞ்சம் கிடைச்சா மறுபடி வளரும். நிறுத்தின இடத்துல இப்படிக் கோடு விழும்.”

அன்னக்கொடி படத்தின் அருகே போனாள். கோடுகளின்மேல் விரல் வைத்தாள். “இது தோட்டம் பூட்டுன வருசமா இருக்கும். இது எங்கப்பா செத்தது. இது என்னன்னு தெரியல... ஓ, இது அம்மை போட்டது.” திரும்பிப் பார்த்தாள். “பசிய இம்புட்டு அழகா எழுதி வெச்சிருக்கே சார், என் காலு! உங்க ஆபீஸ்ல யாரும் இப்படி எழுத மாட்டீங்க.”

ஆணையர் தலைகுனிந்தார். உண்மையாகவே குனிந்தார். பிறகு பொறியின் பழைய அளவை நீக்கச் சொன்னார். புதிய அளவை ஏற்கச் சொன்னார். மரங்களின் திருத்தமும் மனிதர்களின் திருத்தமும் ஒரே நேரத்தில் ஏறின. “ஒரு பெரிய தப்பைத் திருத்திக் கொடுத்திருக்கீங்க. ஆணையம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு,” என்றார்.

திரை மின்னியது. ‘வளர்வது’ என்ற சொல் இரண்டு வரியிலும் அழிந்தது. இளவெயினி ‘தேய்வது’ என்ற சொல்லுக்காகக் கண் கொட்டாமல் காத்திருந்தாள்.

வாடைமலை ஜூனிப்பர்: முடிந்தது.

மேல்லயம் மக்கள்: முடிந்தது.

இளவெயினி எழுந்துவிட்டாள். “சார், இது எப்படி?”

“கன்னு இல்ல, இளசு இல்ல, எல்லாம் முதிர்ந்தது. நீங்கதானே நிரூபிச்சீங்க?” ஆணையரின் குரலில் எள்ளல் இல்லை, வருத்தம் இருந்தது. “அஞ்சு வயசுக்குள்ள ஒரே ஒரு குழந்தை இருந்திருந்தாக்கூட ‘தேய்வது’ன்னு போட்டிருப்பேம்மா. விதி அப்படித்தான். ஒண்ணே ஒண்ணு.”

“இருந்தான் சார்,” என்றாள் அன்னக்கொடி.

அவள் திரைக்கு முன்னே வந்து நின்றாள்.

“இருந்தான். ரெண்டு வருசம் முன்னாடி. இருந்திருந்தா இன்னிக்கு ஓடியாடிக்கிட்டிருப்பான், நீங்களும் அந்த ஒண்ணக் கண்ணால பாத்திருப்பீங்க. எங்ககிட்ட பிள்ளைங்க நெறைய இருக்குன்னு சொல்லி ரூமப் பூட்டுனது நீங்க. பூட்டுனதால செத்தான். செத்ததால பிள்ளையே இல்லேங்கறீங்க. பிள்ளை இல்லாததால எங்களையே இல்லேங்கறீங்க. இதுல நாங்க எந்த இடத்துல சார் தப்பு செஞ்சோம்? அத மட்டும் சொல்லிருங்க, அடுத்த பொறப்புல திருத்திக்கறேன்.”

“அது பழைய அளவும்மா,” என்றார் ஆணையர். “நீக்கியாச்சு.”

குனிந்து நின்றபோது குழந்தை என்றது. நிமிர்ந்து நின்றபோது பிணம் என்றது. ஐயா, அறிவாளர்களே, எந்த உயரத்தில் நின்றால் இவர்களை மனிதர் என்று சொல்லும் உங்கள் பொறி?

இளவெயினி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். நிமிர்ந்து நில்லுங்கள் என்று சொன்னவள் அவளல்லவா?

“சார், ஒரு கூட்டத்தோட கணக்குல நாலு உண்டு. பிறந்தது, இறந்தது, வெளிய போனது, வெளியிலிருந்து வந்தது. எல்லையில நிக்கிற கூட்டத்துக்கு நாலாவதுதான் உயிர். நடுக்காட்டிலிருந்து ஒரு பறவை பழத்தத் தின்னுட்டு வந்து எச்சம் போட்டா எல்லையில ஒரு கன்னு முளைக்கும். அத வெச்சுத்தான் எல்லை பிழைக்கும். இங்க ‘வந்தது’ங்கற இடத்துல பூஜ்யம் இருக்கு. யாரு போட்டது?”

“யாரும் போடல. ஆரம்பத்திலேயே அங்க பூஜ்யம்தான். எல்லா எல்லைக்கும் அப்படித்தான்.”

“ஏன்?”

ஆணையர் அவளை உண்மையான வியப்போடு பார்த்தார். “எல்லைக்கு யாரும்மா வரப்போறாங்க?”

வெளியே படிக்கட்டில் வெயில் அறைந்தது. இறங்கும்போது அன்னக்கொடி ஒன்றுதான் கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. “ஏம்மா, அந்தப் பூஜ்யத்துல ஒருத்தி வந்து நின்னா அது என்ன ஆகும்?”

சில நாட்கள் கழித்து இளவெயினி விடையைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தாள். வேலையை உதறியிருந்தாள். வீட்டைக் காலி செய்திருந்தாள்.

“இந்தத் தடவை மூட்டை ரொம்பப் பெருசால்ல இருக்கு,” என்றாள் பாதையோரத்தில் நின்ற அன்னக்கொடி.

“இப்ப நான் ஆபீஸர் இல்லக்கா.”

“அப்பச் சரி. கழுதை மட்டுந்தான்.”

நர்ஸ் அறையின் பூட்டைச் சடையாண்டி கல்லால் உடைத்தார். இளவெயினி அங்கே குடியேறினாள். வடக்கே நடுக்காட்டிலிருந்து வரவழைத்த விதைகளைப் பாறையிடுக்குகளில் ஊன்றினாள். அன்னக்கொடி தண்ணீர் சுமந்தாள். சுமக்கும்போதெல்லாம் வழியிலிருந்த தன் இருநூறு வயதுப் பிள்ளைமரத்துக்கும் ஒரு வாய் ஊற்றிவிட்டுப் போனாள். “தாத்தனா இருந்தா என்ன, தாகம் எடுக்காதா?” என்றாள்.

மாசியில் வயதுமானி மீண்டும் பறந்தது. ஊர் நிமிர்ந்து நின்றது. இளவெயினியும் வரிசையில் நின்றாள். எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக, பொறிக்குத் தப்பாமல் தெரியும்படி, நின்றாள். மறுநாள், திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த கையகலத் திரையில் பார்த்தாள். ‘வந்தது’ என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

ஆணையத்துக்குத் தொலைபேசியில் கேட்டாள். பழைய தோழி ஒருத்திதான் பேசினாள். அவள் குரலும் மென்மையாகத்தான் இருந்தது.

“ஒண்ணு காட்டுச்சு வெயினி. உன்னைப் பிடிச்சுது. ஆனா ஒண்ணுங்கறது பிழையளவுக்குள்ள வருதே. பொறியே பூஜ்யமாக்கிடும். தப்பா நினைச்சுக்காத.”

அன்னக்கொடி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றாங்க?”

“நான் ஒரு பிழையாம் அக்கா.”

“அப்படியா?” அன்னக்கொடி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “ஒரு பிழைதானே தள்ளுவாங்க. நெறையப் பிழை வந்தா?”

இதோ, கதை நின்றுவிட்டது. இதற்குமேல் எழுதும் உரிமை யாருக்கும் இல்லை, உங்களைத் தவிர.

பங்குனி முடிவதற்குள் அந்தப் பொறி கடைசி முறையாகப் பறக்கும். அதற்குப் பின் ரம்பங்கள் ஏறும். முகட்டில் ஐந்நூறு ஆண்டுகள் நின்ற மரங்கள் சாயும்; அவற்றின் காலடியில் இருநூறு ஆண்டுகள் குழந்தை என்று பேரெடுத்த கிழங்கள் களையென்று பிடுங்கப்படும். அந்த இடத்தில் எழும் மாளிகைகளின் பலகணிகளில் நின்று, குளிர் காற்று வாங்கிக்கொண்டு, ‘இங்கே முன்பு யாருமே இல்லை’ என்று நல்ல மனிதர்கள் நல்ல மனிதர்களுக்குச் சொல்வார்கள்.

சாட்சிகளே! கண்ணீர் கொண்டு வராதீர்கள். மலையில் மழை உண்டு. தீர்மானம் கொண்டு வராதீர்கள். அங்கே அடுப்பெரிக்கச் சுள்ளி உண்டு. உங்களைக் கொண்டு வாருங்கள். மருந்து தெரிந்தவர் மருந்தோடு வாருங்கள். எழுத்து தெரிந்தவர் எழுத்தோடு வாருங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையோடு வாருங்கள். தொட்டிலுக்கடியில் புகைக்க அன்னக்கொடி சுள்ளி பொறுக்கி வைத்திருக்கிறாள். ‘எல்லைக்கு யார் வரப்போகிறார்கள்?’ என்று அந்த நல்ல மனிதர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு உங்கள் கால்களால் விடை சொல்லுங்கள். பிழை என்று தள்ள முடியாத எண்ணிக்கையில் ஏறி வாருங்கள்.

வந்து வரிசையில் நில்லுங்கள். தலைக்குமேல் இரைச்சல் கேட்கும். உங்கள் முட்டியும் தானாக மடங்கும். அப்போதுதான் தெரியும், அந்தக் கூனல் மேல்லயத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று. மடங்கினால், பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குனியாதீர்கள்.